பெரியம்மாவின் கைக்கு அகப்பட்ட கடிதங்கள்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

உன் நாத்தனார் மகளின் பள்ளிப்பையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கண்டதாகவும், அதைப் பிரித்துப் பார்க்கலாமா என்று தயங்குவதாகவும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். அவசரப்படாதே. போன தீபாவளிக்கு நீ வாங்கித் தந்த ‘எமிலி ஆஃப் நியூ மூன்’ நாவலில் இதே சங்கடம் வருவதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

லூசி மாட் மான்ட்கோமரி 1923இல் வெளியிட்ட அந்தக் கதையில், தாயை முன்பே இழந்த எமிலிக்குத் தகப்பனும் போய்விட, தாய்வழிச் சொந்தங்கள் கூடி, அவளை யார் வளர்ப்பதென்று சீட்டுப் போடுகிறார்கள். அந்தச் சீட்டையும் அவளையே எடுக்க வைக்கிறார்கள். நம் தோட்டத்து லயங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக வாய்ச்சண்டை நடந்ததுண்டு, சீட்டுக் குலுக்கி நான் கேள்விப்பட்டதில்லை.

அவளை வளர்க்கும் பெரியம்மா எலிசபெத் சோற்றுக்கும் துணிக்கும் குறை வைக்காதவள். கதை எழுதுவதென்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. எமிலியோ பழைய அஞ்சலகத் தாள்களின் பின்பக்கத்தில், இறந்துபோன அப்பாவுக்குக் கடிதம் கடிதமாக எழுதிப் பரணில் ஒளித்து வைக்கிறாள். பெரியம்மாவின் மீதிருந்த கோபத்தையெல்லாம் கொட்டியிருந்த அந்தக் கடிதங்கள் அவள் கையிலேயே அகப்படுகின்றன. படித்தவளுக்கும் வலி, எழுதியவளுக்கும் அவமானம். கடைசியில், யாருக்கும் தலைவணங்காத எலிசபெத், அவற்றைப் படிக்கத் தனக்கு உரிமையில்லை என்று அந்தச் சிறுமியிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவள்தான், நீ அவளைக் கல்நெஞ்சக்காரி என்றாலும்.

ஆனால் அதற்குப் பிறகு எமிலியால் அப்பாவுக்கு முன்போல எழுத முடியவில்லை. அவள் வளர்ந்துவிட்டதாலா, அந்தச் சண்டையாலா என்று நாவலாசிரியை அடித்துச் சொல்லவில்லை. சண்டைதான் என்று எனக்குப் படுகிறது. சமாதானம் ஆனது, அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு வழி மட்டும் அடைபட்டுப் போயிற்று.

தாயைப் பறிகொடுத்து உன்னிடம் வந்திருக்கும் பிள்ளை தன் அம்மாவுக்குத்தான் எழுதுகிறாளோ என்னவோ. அத்தை வைக்கும் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்றும் எழுதியிருப்பாள், எழுதட்டுமே. பையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவளுக்கென்று பூட்டுள்ள ஒரு மேசை வாங்கிக் கொடு. நாவலை மட்டும் இப்போதைக்கு அவள் கண்ணில் காட்டாதே. நீ நோட்டைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாய் என்று நினைத்துக்கொள்வாள்.

அன்புடன்,
அம்மா