வெலிங்டன் முப்படைப் பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நாளைய தளபதிகளுக்குப் போர்த் திட்டம் தீட்டக் கற்றுத்தருபவர்கள் நீங்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தரைப்படைத் திட்டத்தை முதலில் எழுதி முடித்துவிட்டு, விமானம், விண்வெளி, சைபர் (கணினி வலையமைப்புகளில் நடக்கும் போர்) ஆகியவற்றைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு வகுப்பறையில் இடம் தராதீர்கள்.

கார்கிலில் இதற்கு விலை கொடுத்திருக்கிறோம். 1999 மே மாதத் தொடக்கத்திலேயே ஊடுருவல் தெரிந்துவிட்டது. விமானப்படை தாக்கத் தொடங்கியதோ மே 26 அன்று. ஹெலிகாப்டர் போதுமா, போர் விமானம் வேண்டுமா என்ற இழுபறியிலேயே நாட்கள் போயின. மே 28 அன்று டோலோலிங் பகுதியில் ஒரு மி-17 ஹெலிகாப்டரை எதிரியின் ஏவுகணை வீழ்த்தியது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தார்கள்.

அன்று இணைய வேண்டியவை தரைப்படை, விமானப்படை என இரண்டு படைகள்தான். இன்றைய களம் எவ்வளவு பெரியது என்பதை உக்ரைனில் பார்த்தோம். 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படையெடுப்புக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவையின் நிர்வாக வலையமைப்புக்குள் புகுந்தவர்கள், மோடம்களின் நினைவகத்தையே அழிக்கும் கட்டளையை அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான மோடம்கள் முடங்கின. போருக்குச் சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது.

பீரங்கிக்கு மாலையில் இலக்கு குறித்து இரவே சுட்டுவிடலாம். எதிரியின் வலையமைப்புக்குள் வழி தேட மாதக்கணக்கில் ஆகலாம். ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டும் போகும். இவ்வளவு வேறுபட்ட கால அளவுகளைக் கடைசி நேரத்தில் ஒரே திட்டத்துக்குள் அடக்க முடியாது. ஆகவே, தளபதி நோக்கத்தைச் சொல்லும் முதல் கூட்டத்திலேயே சைபர், விண்வெளி, மின்னணுப் போர் (எதிரியின் ரேடார், தகவல் தொடர்பு அலைகளை முடக்குவது) அதிகாரிகள் உட்கார வேண்டும். பதவிகளும் சட்டங்களும் ஓரளவு வந்துவிட்டன: 2020 இல் முப்படைத் தலைமைத் தளபதி, 2023 இல் கூட்டுப்படை அமைப்புகளுக்கான சட்டம். திட்டம் தீட்டும் மேசையில் பழக்கம் மாறுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று. 2019 இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினிக்குள் தீநிரல் (மால்வேர்) புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. மின்சாரம், தொலைத்தொடர்பு, துறைமுகம் ஆகியவற்றை நடத்துபவர்களையும் உங்கள் போர்ப் பயிற்சிகளுக்கு அழையுங்கள். பயிற்சியின் நடுவே செயற்கைக்கோள் தொடர்பையும் வானொலித் தொடர்பையும் துண்டித்துவிட்டு, தளபதியின் நோக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இளம் அதிகாரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பணியில் அக்கறையுள்ள ஒரு குடிமகன்