29 பைசா கணக்கும் பெட்ரோல் விலையில் மறைந்திருக்கும் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒன்றிய அரசை ஆளும் கட்சியின் கொள்கைகளைக் கண்டித்து எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையும், அதற்கு அக்கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் அளித்த மறுப்பும் தங்கள் நாளிதழில் அடுத்தடுத்த நாட்களில் வெளியாகியிருந்தன. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், மேடையில் எண்கள் வந்தால் கைதட்டுவதற்கு முன் கூட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பார்த்ததில், உறுப்பினரின் குறை நியாயமானது என்றும், அதற்கு அவர் காட்டிய கணக்கு தவறானது என்றும், அந்தத் தவறே மறுப்பு அறிக்கைக்குத் தப்பிக்கும் வழியைத் திறந்துவிட்டது என்றும் எனக்குப் பட்டது. அதை விளக்கவே இக்கடிதம்.

தமிழ்நாடு ஒரு ரூபாய் வரி கொடுத்தால் 29 பைசாதான் திரும்பி வருகிறது, பிகாருக்கோ ஏழு ரூபாய் போகிறது என்று உறுப்பினர் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் பக்கத்தில், நூறு நாள் வேலைக்குப் போய்வந்த கையோடு கூட்டத்துக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், "மிச்சம் எழுபத்தோரு காசு எங்கய்யா போவுது?" என்று என்னைக் கேட்டார். அவருக்குச் சட்டென்று சொல்லும்படியான விடை என்னிடம் இல்லை. அந்தக் கணக்கு பதில் சொல்ல முடியாதபடி போடப்பட்ட கணக்கு.

வரி எந்த மாநிலத்தில் செலுத்தப்பட்டது என்ற புள்ளிவிவரமே அந்த 29 பைசாவுக்கு அடிப்படை. நிறுவனங்கள் வருமான வரியைத் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில் கட்டுகின்றன. நாடெங்கும் ஆலையும் கிளையும் வைத்திருக்கும் நிறுவனத்தின் வரி, அது மும்பையில் பதிவாகியிருந்தால் மகாராஷ்டிரத்தின் பெயரிலேயே ஏறும். ஆகவே தமிழ்நாட்டின் பங்களிப்பு இந்தப் புள்ளிவிவரத்தில் குறைத்தும் காட்டப்பட்டிருக்கலாம், கூட்டியும் காட்டப்பட்டிருக்கலாம். இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஒன்றியம் வசூலிப்பதில் எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்து எவ்வளவு தருகிறது என்பது ஒரு கேள்வி. அப்படித் தருவதை மாநிலங்களுக்கிடையே எப்படிப் பங்கிடுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே பைசாக் கணக்கில் போட்டுக் குழைத்தால், கோபம் முழுவதும் பிகார்க்காரர் மீது திரும்பி, முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய ஒன்றிய நிதியமைச்சகம் பேச்சிலிருந்தே நழுவிவிடுகிறது.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பங்கீட்டைப் பரிந்துரைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 280ஆம் பிரிவின்படி அமையும் நிதிக்குழு. 13ஆம் நிதிக்குழுவில் 4.969 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, 14ஆம் நிதிக்குழுவில் 4.023 ஆகச் சரிந்து, 15ஆம் நிதிக்குழுவில் 4.079 ஆயிற்று. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே நின்ற மாநிலம், 1971 மக்கள்தொகைக்குப் பதில் 2011 மக்கள்தொகை கணக்கில் ஏறியபோது நட்டப்பட்டது என்ற மனக்குறை பொய்யல்ல. ஆனால் சரிவு பெரிதாக நேர்ந்த அந்த 14ஆம் நிதிக்குழு, 2013 ஜனவரியில், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் அமைக்கப்பட்டது. மாநிலங்களின் மொத்தப் பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்த்தியதும் அதே குழுதான். எனவே சரிவுக்கு இன்றைய ஆட்சியாளரைக் கைகாட்டுகிற உறுப்பினரும், உயர்வைத் தங்கள் தலைவரின் கொடையாகச் சொல்லிக்கொள்கிற மாவட்டப் பொறுப்பாளரும், பிறர் வீட்டுப் பிள்ளைக்குத் தாங்கள் பெயர் வைக்கிறார்கள்.

உறுப்பினர் உண்மையில் பேசியிருக்க வேண்டியது முதல் கேள்வியை. 15ஆம் நிதிக்குழு சொன்ன 41 விழுக்காடு மொத்த வசூலின் மீது கணக்கிடப்படுவதில்லை. பகிர்வுக்குரிய தொகுப்பின் மீது மட்டுமே கணக்கிடப்படுகிறது. செஸ், சர்சார்ஜ் எனப்படும் மேல்வரிகள் அந்தத் தொகுப்புக்கு வெளியே நிற்கின்றன. அவற்றிலிருந்து மாநிலத்துக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. 2011-12இல் ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் சுமார் பத்து விழுக்காடாக இருந்த இவை, 2020-21இல் சுமார் இருபது விழுக்காட்டைத் தொட்டன. தாளில் 41 என்று எழுதியிருந்தாலும், மொத்த வசூலோடு ஒப்பிட்டால் மாநிலங்களின் கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இது எப்படி நடக்கிறது என்பதைப் பெட்ரோல் நிலையத்தில் நின்றபடியே பார்க்கலாம். 2018 பிப்ரவரி நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய நாள் வரை, பெட்ரோல் லிட்டருக்கு ஒன்றியம் 19 ரூபாய் 48 காசு உற்பத்தி வரி வாங்கியது. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை உற்பத்தி வரி 6 ரூபாய் 48 காசு. நிதிநிலை அறிக்கைக்குப் பிறகும் மொத்த வரி அதே 19 ரூபாய் 48 காசுதான்; வண்டிக்காரருக்கு ஒரு காசு கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் அடிப்படை வரி 4 ரூபாய் 48 காசாகக் குறைந்தது. சாலைகளுக்கென்று 6 ரூபாயாக இருந்த கூடுதல் உற்பத்தி வரி நீங்கி, அந்த இடத்தில் 8 ரூபாய்க்குச் சாலை மற்றும் உட்கட்டமைப்பு செஸ் உட்கார்ந்தது. இரண்டு ரூபாய் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது, அவ்வளவே. அன்றைய 42 விழுக்காட்டின்படி, நாட்டில் விற்ற ஒவ்வொரு லிட்டருக்கும் மாநிலங்கள் 84 காசை இழந்தன. விலைப் பலகையில் எண் மாறாததால் எந்த ஊரிலும் இதற்காக யாரும் சாலையில் உட்காரவில்லை.

2021 பிப்ரவரியில் வேளாண் உட்கட்டமைப்பு செஸ் என்ற பெயரில் லிட்டருக்கு 2 ரூபாய் 50 காசு புகுந்தபோது, அடிப்படை வரி 2 ரூபாய் 98 காசிலிருந்து 1 ரூபாய் 40 காசாக இறங்கியது. 32 ரூபாய் 90 காசு வரியில் பகிர்வுக்கு மிஞ்சியது அந்த 1 ரூபாய் 40 காசு மட்டுமே. 2022 மே மாதத்தில் வரியைக் குறைத்து 19 ரூபாய் 90 காசாக்கியபோது, குறைப்பு முழுவதும் செஸ்ஸில்தான் செய்யப்பட்டது, மாநிலங்களுக்கு இதனால் இழப்பில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விளக்கம் தந்தார். விளக்கம் சரியே. இழப்பதற்கு மாநிலங்களிடம் அப்போது மிஞ்சியிருந்தது என்ன என்பதை யாரும் அவரிடம் கேட்டதாக நினைவில்லை.

அந்த மூதாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது. பிகாருக்குப் போனது பற்றியே மேடை முழுக்கப் பேசியதால், பகிர்வுக்கே வராமல் டெல்லியில் தங்கிய பணம் பற்றி ஒரு வாக்கியமும் உரையில் இடம்பெறவில்லை.

இந்தப் பழக்கத்தை இன்றைய ஆட்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னாலும் தவறாகிவிடும். 2014 ஏப்ரலில் பெட்ரோல் மீதான ஒன்றிய வரி லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்தபோது, அதில் அடிப்படை உற்பத்தி வரி 1 ரூபாய் 20 காசுதான். வருமான வரி மீது 2 விழுக்காடு கல்வி செஸ் வந்தது 2004இல். இடைநிலை, உயர்கல்விக்கென்று மேலும் ஒரு விழுக்காடு சேர்ந்தது 2007இல். அந்த ஒரு விழுக்காட்டில் வசூலான 94,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, உரிய நிதியத்தில் சேர்க்கப்படாமலேயே கிடந்ததை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் பின்னாளில் எடுத்துக்காட்டினார். ஜி.எஸ்.டி.யால் மாநிலங்களுக்கு நேரும் வருவாய் இழப்பை ஈடுகட்ட வசூலிக்கப்பட்ட இழப்பீட்டு செஸ்ஸிலும் அப்படித்தான்: 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 47,272 கோடி ரூபாய், மாநிலங்களுக்கான இழப்பீட்டு நிதியத்துக்கு மாற்றப்படாமல் ஒன்றியத்தின் தொகுப்பு நிதியிலேயே வைத்துக்கொள்ளப்பட்டது. முதலாவது தவறு இரண்டு ஆட்சிகளிலும் தொடர்ந்தது, இரண்டாவது இன்றைய ஆட்சியில் நடந்தது. தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம்: ஊராட்சிச் செயலர் ஒருவர் குடிநீருக்கு வந்த பணத்தைப் பொதுநிதியில் வைத்திருந்தால் நாங்கள் எழுதும் ஆட்சேபக் குறிப்பு அவர் ஓய்வு பெறும்வரை அவரை விடாது.

மறுப்பு அறிக்கைக்கு வருகிறேன். 2014க்கு முந்தைய பத்தாண்டில் தமிழ்நாட்டுக்கு வந்த வரிப்பகிர்வை விட அதன் பிந்தைய பத்தாண்டில் வந்தது சில மடங்கு அதிகம் என்று மாவட்டப் பொறுப்பாளர் கூறியிருக்கிறார். ரூபாய்க் கணக்கில் இது உண்மை. விலைவாசியும் வரி வசூலும் பெருகும் நாட்டில், கடந்த பத்தாண்டை விட இந்தப் பத்தாண்டில் எந்தத் தொகைதான் கூடாமல் இருக்கும்? கேட்கப்பட்டது பங்கு, பதிலாக வந்தது தொகை. ஆனால் 29 பைசா என்று தொடங்கியவருக்கு இதைச் சுட்டிக்காட்டும் தகுதி குறைந்துவிடுகிறது என்பதே என் வருத்தம்.

கல்வி நிதி குறித்து உறுப்பினர் சொன்னதில் குறை காண ஏதுமில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததைக் காரணமாக்கி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தின் ஒப்புதலுக்குப் பிணையாக வைப்பது எந்தக் கட்சி செய்தாலும் கண்டிக்கத்தக்கதே.

நூறு நாள் வேலை பற்றிய பகுதியில் மீண்டும் அதே வழுக்கல். வேலைத் திட்டத்தையே ஒழித்துவிட்டார்கள் என்றார் உறுப்பினர். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய சட்டம் 125 நாள் என்று சொல்கிறதே என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் முடித்துக்கொண்டது. நாள் எண்ணிக்கையை விட்டுவிட்டு நிதிப் பிரிவை எடுத்திருந்தால் அவர்களால் அப்படி முடித்திருக்க முடியாது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றியம் ஏற்றது. தளவாடச் செலவில் மட்டும் நான்கில் ஒரு பங்கு மாநிலத்துக்கு. புதிய சட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் நூற்றுக்கு நாற்பது போட வேண்டும். ஒன்றியம் நிர்ணயிக்கும் ஒதுக்கீட்டுக்கு மேல் செலவானால் அதையும் மாநிலமே ஏற்க வேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு அறுபது நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வேண்டும். வேலை கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்ற உரிமை, ஒதுக்கீடு உள்ளவரை கிடைக்கும் என்று சுருங்கும் இடம் இதுவே. என் அருகில் இருந்த மூதாட்டியின் அட்டையில் வேலை நாட்கள் குறையுமானால் அதற்கான காரணம் இந்த வரிகளில்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறுப்பினருக்கு இது உவப்பாக இராது. ஒன்றியம் மாநிலத்தை நடத்துவது பற்றி இவ்வளவு பேசும் சட்டமன்றத்தினர், மாநிலம் ஊராட்சியை நடத்துவது பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குப் பத்து விழுக்காடு என்பது மாநில நிதி ஆணையப் பரிந்துரையில் நிலைபெற்றுவிட்ட அளவு. அதிலும் மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் உரியது இரண்டாம் எண் கணக்கில் தனியே போய்விட்ட பின், ஊராட்சி தன் விருப்பப்படி ஒரு கல்வெர்ட்டாவது கட்ட எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பல கணக்குப் பதிவேடுகளில் என் கையால் சரிபார்த்திருக்கிறேன். போதாததற்கு, 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்து, தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தால்தான் உள்ளாட்சிகளுக்கு மானியம் என்பது 15ஆம் நிதிக்குழுவின் நிபந்தனை. டெல்லியிடம் உரிமை கேட்கும் வாய், இந்தக் கேள்வியை ஊராட்சித் தலைவர்கள் எழுப்பும்போது என்ன பதில் சொல்லும்?

உறுப்பினரிடம் என் வேண்டுகோள் சிறியது. பெட்ரோல் மீதான ஒன்றிய வரியில் அடிப்படை வரி எவ்வளவு, செஸ் எவ்வளவு என்பது பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழுள்ள திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவின் வெளியீடுகளில் கிடைக்கிறது. 2014, 2018, 2021, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளின் எண்களை நான்கு வரிசையில் போட்டு, பக்கத்திலேயே மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியையும் மறைக்காமல் போட்டு, அடுத்த கூட்டத்துக்குத் துண்டறிக்கையாக அடிக்கட்டும். எண்களைச் சரிபார்த்துக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். அச்சுக்கூலியிலும் என் பங்கைத் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சி நிதித் தணிக்கை ஆய்வாளர்