தூணைச் சுவருக்குள் வைத்துக் கட்டியவர்கள்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலம் என்ற வரியைக் கேட்டதும் உன் தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை வலி குறைந்ததும் விட்டுவிடாதே.

வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுத வரவில்லை. அந்த யோசனையிலேயே இருந்த நேரத்தில்தான் இங்கே இங்கிலாந்தில் ஒரு பாழடைந்த சர்ச்சுக்குப் போய் வந்தேன். முதலில் அதைச் சொல்கிறேன், பிறகு வீட்டுக்கு வருகிறேன்.

யார்க்‌ஷயரில் வோல்ட்ஸ் என்று சுண்ணாம்புக் குன்றுகள் நீளமாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் வாரம் பெர்ஸி என்ற ஊர் இருந்தது. இப்போது ஊர் இல்லை. காரை மேட்டில் நிறுத்திவிட்டுப் புல் சரிவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி நடக்க வேண்டும். புல்லுக்கு அடியில் வரப்பு போல மேடுகள் ஓடும். அத்தனையும் வீடு இருந்த இடம். பின்னாளில் கட்டிய ஒரு பண்ணைக் குடியிருப்பைத் தவிர நிற்பது செயின்ட் மார்ட்டின் சர்ச் மட்டும்தான். அதற்கும் கூரை கிடையாது. 1959இல் மணிக்கோபுரத்தில் ஒரு பக்கம் சரிந்து விழுந்துவிட்டது. மிச்சப் பாதி உள்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

என்னை நிறுத்திவைத்தது கோபுரம் இல்லை, சுவர். மக்கள் கூடுகிற பெரிய அறையின் பக்கச் சுவரைப் பார்த்தால் கல்லுக்கு நடுவில் தூண்களும் வளைவுகளும் அப்படியே தெரியும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஊரில் சனம் பெருகியபோது சுவரை உடைத்து, தூண் நிறுத்தி, இரண்டு பக்கமும் தாழ்வாரம் இழுத்திருக்கிறார்கள். அப்புறம் சனம் குறைந்தது. தாழ்வாரத்தை இடித்துவிட்டுத் தூண்களுக்கு இடையில் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். இடித்த சுவரில் இருந்த ஜன்னலை வீணாக்காமல் எடுத்து, அடைத்த வளைவுக்குள் மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். பலிபீடப் பகுதியையும் பிற்பாடு நீளம் குறைத்துக் கட்டினார்கள். நான் ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்தேன். பாதி வெளியே, பாதி சுவருக்குள். உளி பட்ட வரிகள் வெளிப்பாதியில் மழைக்குத் தேய்ந்துவிட்டன. தூணும் அடைப்பும் சேருகிற இடுக்கில் மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன.

ஊர் போன கதை உனக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும். 1349இல் இந்தப் பக்கம் கொள்ளைநோய் வந்தது. அதிலேயே ஊர் அழிந்துவிடவில்லை, பலர் தாக்குப்பிடித்தார்கள். உழவைவிடக் கம்பளியில் காசு அதிகம் என்று ஆனபோதுதான் வினை வந்தது. 1500ஐ ஒட்டி, எஞ்சிய குடும்பங்களையும் கிளப்பிவிட்டு நிலத்தை ஆட்டு மந்தைக்கு விட்டார் நிலக்காரர். ஆனால் பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த சர்ச்சை விடவில்லை. ஊரே இல்லாத பள்ளத்துக்கு நானூறு வருஷத்துக்கும் மேலாக நடந்து வந்து கும்பிட்டார்கள், கல்யாணம் செய்தார்கள், புதைத்தார்கள். 1870இல் பக்கத்து ஊரான திக்ஸன்டேல்காரர்கள் தங்களுக்கென்று தனி சர்ச் கட்டிக்கொண்டதும் வரவு இன்னும் குறைந்துபோனது. கடைசி ஆராதனை 1949இல்.

கல்லறைத் தோட்டத்தில் நான் போன சமயம் புல் முட்டிவரை இருந்தது. ஓரங்களில் செந்தட்டி போல அரிக்கிற செடி மண்டியிருந்ததால் பார்த்துக் கால் வைத்தேன். கற்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. எழுத்துகளை லைக்கன் மூடியிருந்தது. கறிமசாலாவில் போடுகிற நம் கல்பாசிக்கு உறவு. சாம்பல் நிறத்திலும் மஞ்சளிலும் வட்டவட்டமாகப் படர்ந்திருந்தது. ஒரு வருஷத்தில் மில்லிமீட்டர் கணக்கில்தான் வளருமாம். கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தை விரல் நுனியால் தடவிப் படிக்க முடிந்தது. அதைச் சுரண்டிவிடத் தோன்றும், செய்யவே கூடாது. கல்லின் மேல்தோலும் கூடவே வந்துவிடும்.

1950 முதல் 1990 வரை கோடைதோறும் இங்கே அகழாய்வு நடந்தது. சர்ச்சைச் சுற்றி மட்டும் எழுநூறு பேருக்குக் கொஞ்சம் குறைவான எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெரும்பாலும் ஏழை எளிய குடியானவர்கள். உன் பேத்தியை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்: குழந்தைகளின் எலும்பைச் சோதித்ததில், தாய்மார்கள் கிட்டத்தட்ட ஒன்றரை வயது வரை தாய்ப்பால் கொடுத்தது தெரியவந்தது. பால் மறந்த பிறகுதான் பஞ்சம் பிடித்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகள் இன்றைய பத்து வயதுப் பிள்ளைகளைவிட ஒரு சாண் குள்ளம். அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள்தான் மாப்ளே அந்தத் தூண்களை நிறுத்தியது. அதை நினைத்துக்கொண்டு அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் வீடு. அம்மா போய்விட்டார்கள், தம்பிகள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள், மூன்று கட்டு வீட்டில் நீங்கள் இரண்டே பேர். பின்கட்டு ஒழுகுகிறது. ஒன்று முழுசாக வைத்துப் பராமரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமாக விற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டே வழிதான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த சர்ச்சை முழுசாகக் காப்பாற்றப் பார்த்திருந்தால் இரண்டு தலைமுறையில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கிற ஆளுக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டார்கள். அதற்கு வெட்கப்பட்டு எதையும் மறைக்கவும் இல்லை, இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று சுவரைப் பார்த்தாலே தெரிகிறது.

பின்கட்டை எடுத்துவிடு. இரண்டாங்கட்டை முற்றத்தோடு முடித்து ஒரு சுவர் வை. அம்மா சாய்ந்து உட்காருவார்களே, அந்த அடுப்படித் தூணை மட்டும் இடிக்க விடாதே, புதுச் சுவரோடு சேர்த்துக் கட்டச் சொல். தேக்குக் கதவையும் நல்ல ஓடுகளையும் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடாமல் எடுத்து வை, எல்லாம் திரும்ப உதவும். ஆனால் இதெல்லாம் உத்திரம் செல்லரிக்காமல் இருந்தால்தான். முதலில் அனுபவமுள்ள ஒரு கொத்தனாரையும் ஆசாரியையும் கூட்டி வந்து காட்டு.

தம்பிகள் பங்கு கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதில் நியாயம் இருக்கிறது, அவர்களை விரோதமாக நினைக்காதே. பின்கட்டு மனையை அளந்து அவர்களுக்கு ஒதுக்க முடியுமா பார். சின்னவனிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன், என் பேச்சை அவன் தட்டமாட்டான். ஜனவரியில் நான் வரும்வரை யாரிடமும் முன்பணம் வாங்கிவிடாதே. கொத்தனார் என்ன சொன்னார் என்று எழுது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நீ எழுதவே இல்லையே!

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்