சாண் சரிவு, முழம் நிழல்

அன்புள்ள ஜெபா,

ஓணத்துக்கு நீ எழுதியதற்குப் பொங்கல் முடிந்து பதில் போடுகிறேன். திட்டுவதானால் திட்டிவிடு, அப்புறம் படி. அம்மா சுகம். தம்பிக்கு இன்னும் பெண் அமையவில்லை. குண்டன் மூன்றாவது தடவையாகக் கடைக்குப் பெயர் மாற்றிவிட்டான், கடன் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

விஷயம் வேறு. என் கணக்கு ஒன்று தப்பிப்போச்சு மக்கா.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சோலார் பிளாண்டுக்கு சிமுலேஷன் செய்து கொடுத்திருந்தேன். வருஷம் முழுக்க மணிக்கு மணி எவ்வளவு கரண்ட் வரும் என்கிற கணக்கு. அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேங்க் கடன் கொடுத்தது. போன மாசம் அங்கிருந்து போன்: "சார், மத்தியானம் உங்க கணக்குப்படிதான் வருது. காலையில மட்டும் தினமும் குறையுது." பனி, தூசி என்று இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் தூக்கம் வரவில்லை. ஐந்து மணிக்கே பைக்கை எடுத்துவிட்டேன். தோவாளையில் பூ வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஆரல்வாய்மொழி தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை.

அங்கே இருப்பது டிராக்கர். வடக்கு தெற்காக வரிசை வரிசையாகப் பேனல். காலையில் கிழக்கே பார்க்கும், சூரியனோடு மெல்லத் திரும்பிச் சாயங்காலம் மேற்கே பார்க்கும். சிக்கல், சூரியன் தாழ இருக்கும்போது. எல்லா வரிசையும் நேராக அதன் முகத்தைப் பார்த்து நிமிர்ந்தால், முன் வரிசையின் நிழல் பின் வரிசையில் விழும். பத்தாம் கிளாசில் குண்டனுக்குப் பின்னால் உட்கார்ந்த எனக்கு போர்டு தெரிந்ததா? அதேதான். அதனால் விடியும்போது டிராக்கர்கள் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, நிழல் இடிக்காது என்ற பிறகுதான் சூரியனை நேராகப் பார்க்கும். இதற்கு பேக்டிராக்கிங் என்று பேர். எவ்வளவு நிமிரலாம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. அழகான சூத்திரம். ஆனால் பலகை போல் சமமான தரைக்கு எழுதியது.

அந்த நிலம் சமமில்லை. மேற்கே இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும். டேப் வைத்து அளந்தேன். வரிசைக்கு வரிசை 6 மீட்டர், அதற்குள் ஒரு சாண் இறக்கம். இரண்டு டிகிரி. பின் வரிசை அவ்வளவு தாழ நிற்பதால், ஏழேகால் மணிக்கு ஒவ்வொரு பேனலின் கீழ் ஓரத்திலும் ஒரு முழத்துக்கு நிழல் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே கண்ணாடி காய்ந்து வெதுவெதுப்பு, கீழே பனித்துளி அப்படியே. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று பாட்டி சொன்னது சோலாருக்குத்தான் போல!

நிழல் விழுந்த அளவுக்கு மட்டும் கரண்ட் குறைந்தால் பரவாயில்லை. செல்கள் தொடராகக் கோத்தவை, ஒன்று முடங்கினால் அதோடு கோத்ததெல்லாம் முடங்கும். நல்லவேளை, இது ஹாஃப்-கட் பேனல். கீழ்ப்பாதி போனாலும் மேல்பாதி ஓடும். பழைய வகையாக இருந்தால், கீழே ஒரு செல் வரிசை மறைந்தாலே நேர்வெயிலில் கிடைப்பது ஏறக்குறைய மொத்தமும் போயிருக்கும்.

இப்போது உனக்கு மட்டும் சொல்வது. சர்வேக்காரர்கள் மட்டக் கணக்கு அனுப்பித்தான் இருந்தார்கள். நான் ஃபைலைத் திறக்கவே இல்லை. சமதரை என்று போட்டு, ராத்திரியே ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். சரிவையும் சேர்த்து பேக்டிராக்கிங் செய்வது எப்படி என்று அமெரிக்காவின் என்ஆர்இஎல் ஆய்வகம் 2020-லேயே அறிக்கை போட்டிருக்கிறது. நான் கணக்குப் போடும் பிவிலிப் சாஃப்ட்வேரில் அதற்கென்றே ஒரு எண் கொடுக்கலாம். ஒரே ஒரு எண், ஜெபா.

வருஷக் கணக்கில் பெரிய நஷ்டமாக இருக்காது, காலை ஒரு மணி நேரத்து வெயில்தானே. மேகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று நாள் அதைத்தான் யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது. நேற்று மெயில் போட்டுவிட்டேன்: தப்பு என்னுடையது, டிராக்கர் கன்ட்ரோலரில் சரிவைக் கொடுத்தால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், புதுக் கணக்கு காசில்லாமல் செய்து தருகிறேன் என்று. இன்னும் பதில் வரவில்லை. போன் அடித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

உன் வீட்டு மாடியில் சோலார் போடுகிற கதைக்கு வருகிறேன். சக்கை மரம், அதான் அந்தப் பலா, வடக்கே நிற்பதால் பேனலில் நிழல் விழாது என்று எவன் சொன்னான்? அது டெல்லிக்குச் சரி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 8 டிகிரியில். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சி வெயில் நமக்கு வடக்கேதான். மாடிக்கு மேலே மரம் 30 அடி நின்றால், ஜூன் மாத நடுப்பகலில் 8 அடி நிழல் உன் மாடியில். காலையிலும் மாலையிலும் அதைவிட நீளும். மரத்தை வெட்டாதே, அந்தச் சக்கைக்காகத்தான் நான் உன் வீட்டுக்கே வருகிறேன். பேனலைத் தெற்கு ஓரமாகத் தள்ளிப் போடச் சொல். மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அதற்கு மேல் போட்டாலும் அவ்வளவுதான். ஆகவே பேராசை வேண்டாம்.

மாடியின் நீள அகலமும் மரத்தின் உயரமும் எழுதி அனுப்பு. உத்தேசமாக வேண்டாம், அப்பாவை டேப் பிடிக்கச் சொல். இந்தத் தடவை ஃபைலைத் திறந்து பார்ப்பேன்.

உன்,
செல்லன்