லேப் மேனுவலில் "ஜிசிசி" என்று மட்டும் எழுதினால் போதாது

சி, சி++ ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். விண்டோஸ் லேப் மேனுவலில் "தேவையான மென்பொருள்: ஜிசிசி" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். ஜிசிசி என்பது சி, சி++ நிரல்களை ஓடக்கூடிய இஎக்ஸ்இ கோப்பாக மாற்றும் கம்பைலர். நிரல் எழுதும் மென்பொருளான டெவ்-சி++ 5.11 நிறுவினால் வருவது டிடிஎம்-ஜிசிசி 4.9.2. அதே போன்ற கோட் பிளாக்ஸ் 20.03-இன் மிங்-டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) பதிப்போடு வருவது 8.1.0. விண்டோஸில் கம்பைலர்களை நிறுவித் தரும் எம்சிஸ்2 தொகுப்பு வழியாகப் போனால் இன்றைய ஜிசிசி. மூன்றும் ஜிசிசிதான். ஆனால் ஒன்றில் ஓடும் நிரல் மற்றொன்றில் ஓடும் என்று சொல்ல முடியாது.

மாணவர் வீட்டில் புதிய ஜிசிசியில் எழுதுகிறார். ஃபார் லூப்பின் அடைப்புக்குள்ளேயே "இன்ட் ஐ" என்று அறிவிக்கிறார். லேப்பில் 4.9.2 அதை ஏற்காது, சி99 முறையில்தான் அனுமதி என்று பிழை காட்டும். எந்தத் தரம் என்று சொல்லாவிட்டால் அதன் இயல்பு சி மொழியின் 1990-ஆம் ஆண்டுத் தரம்; சி99, சி11 அதற்குப் பின் வந்த தரங்கள். ஜிசிசி 5-இல்தான் இயல்பு சி11-க்கு மாறியது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். முன்னறிவிப்பு எழுதாமல் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 4.9.2 பெரும்பாலும் மூச்சு விடாது. 2024-இல் வந்த ஜிசிசி 14-இல் அது பிழை. இன்னொரு கம்பைலரான கிளாங், தன் 16-ஆம் பதிப்பில் அதற்கு ஓராண்டு முன்பே அதைப் பிழையாக்கிவிட்டது. வைவாவில் "வீட்ல ஓடுச்சு சார்" என்று மாணவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

எங்கள் பரிந்துரை: எம்சிஸ்2, அதில் யூசிஆர்டி64 சூழல் (விண்டோஸின் புதிய சி நூலகமான யூசிஆர்டியைப் பயன்படுத்துவது). சி டிரைவில் நேரடியாக நிறுவுங்கள். இடைவெளி உள்ள ஃபோல்டர் பெயர் வேண்டாம். பலரும் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். வெறும் ஜிசிசி என்ற பேக்கேஜை இறக்கினால் அது எம்சிஸ் சூழலுக்கானது. உருவாகும் இஎக்ஸ்இ அந்த எம்சிஸ் டிஎல்எல் (நிரல் ஓடத் தேவையான நூலகக் கோப்பு) இல்லாத கணினியில் திறக்காது. பேக்கேஜ் பெயரில் "யூசிஆர்டி" இருக்கிறதா என்று பார்த்தே நிறுவ வேண்டும். பிறகு யூசிஆர்டி64-க்குள் "பின்" என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டரை, விண்டோஸ் நிரல்களைத் தேடும் பாத் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்து, கமாண்ட் பிராம்ப்டில் "வேர் ஜிசிசி" என்ற கட்டளை கொடுத்துப் பாருங்கள், ஜிசிசி எந்தெந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பழைய மிங்-டபிள்யூ பாதை மேலே வந்தால் ஓடப்போவது அதுதான்.

எம்சிஸ்2-இலேயே மிங்-டபிள்யூ64 என்றொரு சூழலும் இருக்கிறது. அது பழைய எம்எஸ்விசிஆர்டி நூலகத்தைச் சார்ந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது தேவையில்லை.

சி++ இஎக்ஸ்இயை பென் டிரைவில் எடுத்துப் போய் வேறு கணினியில் திறந்தால் "லிப்எஸ்டிடிசி++-6 டிஎல்எல் இல்லை" என்று வரும். லிங்க் செய்யும்போது ஸ்டாட்டிக் ஆப்ஷன் கொடுத்தால் அந்த நூலகம் இஎக்ஸ்இக்குள்ளேயே சேர்ந்துவிடும், சிக்கல் தீரும்.

அப்படியானால் கிளாங் எதற்கு? ஐந்து உறுப்பு அரேயில் ஆறாவதைத் தொடும் நிரலை விண்டோஸ் ஜிசிசி பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓட்டிவிடும். மாணவரும் சரியென்று ரெக்கார்டில் எழுதிவிடுவார். இத்தகைய எல்லை மீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை அந்த ஜிசிசியிடம் கேட்டால் "அசான்" நூலகம் கிடைக்கவில்லை என்று லிங்கர் நின்றுவிடும். எம்சிஸ்2-இன் கிளாங்64 சூழலில் அது வேலை செய்கிறது. டீபக் ஆப்ஷனும் சேர்த்தால் எந்த வரியில் எல்லை மீறியது என்று காட்டும். பாயிண்டர், அரே பயிற்சிகளுக்கு மட்டுமாவது இதை இரண்டாவது கம்பைலராக வையுங்கள். ஒரு எச்சரிக்கை: கிளாங்64 பயன்படுத்துவது லிப்சி++ என்ற வேறொரு சி++ நூலகம். எல்லா ஹெடர்களையும் ஒரே வரியில் சேர்க்கும், போட்டி நிரலாக்கப் பிள்ளைகளுக்குப் பிடித்த "பிட்ஸ்" ஹெடர் அதில் கிடையாது. யூசிஆர்டி64-இல் கட்டிய சி++ நூலகங்களையும் அதோடு கலக்கக் கூடாது.

யூசிஆர்டி64, கிளாங்64 இரண்டில் எதை எடுத்தாலும் மாறாத ஒன்றும் உண்டு. "லாங்" என்ற முழு எண் வகை விண்டோஸில் 32 பிட், 64 பிட் லினக்ஸில் 64 பிட். பேக்டோரியல் பயிற்சியில் 13! = 6227020800 லினக்ஸில் சரியாக வரும், விண்டோஸில் வழிந்துவிடும். லாங் லாங் என்று மேனுவலில் திருத்திவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எம்சிஸ்2 தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் தொகுப்பு. ஜிசிசி 14-இல் இருந்த லேப்பை செய்முறைத் தேர்வு வாரத்தில் யாராவது அப்டேட் செய்தால் 15-க்கோ அதற்கு மேலோ தாவிவிடும். 15-இலிருந்து இயல்பு சி23 தரம். வெற்று அடைப்புடன் ஃபங்ஷனை அறிவித்து, இரண்டு மதிப்புகள் அனுப்பும் பழைய பாட நிரல்கள் அங்கே பிழையாகும். ஆகவே ஜூனில் ஒரு கணினியில் நிறுவிச் சோதித்து, அந்த ஃபோல்டரை அப்படியே மற்றக் கணினிகளுக்கு நகலெடுங்கள். பதிப்பு எண்ணையும் எந்த சி தரம் என்பதையும் மேனுவலின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். செமஸ்டர் முடியும்வரை அப்டேட் வேண்டாம்.

இப்படிக்கு,
கம்பைலர்களோடு அன்றாடம் மல்லுக்கட்டும் சிலர்