43 அறையும் 4 மணி நேரமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. உடனே பதில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. மன்னித்துவிடு. இங்கே எல்லாரும் நலம். பெரியவருக்கு இப்போது தேவலை, உன்னை விசாரித்தார். மற்ற செய்தியெல்லாம் அடுத்த கடிதத்தில். நீ டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு வேடமேற்று, பகடை உருட்டி, டஞ்சன் என்ற நிலவறைக்குள் இறங்கும் ஆட்டம்) நடத்தப்போகும் கன்வென்ஷனுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, உன் மேப்பைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது.

43 அறை! டேய், 4 மணி நேர ஸ்லாட்டுக்கு 43 அறையா? போதாததற்கு அந்தத் தொங்கு பாலம் வேறு. இந்தத் தடவையாவது அதற்குக் கயிறு உறுதியாக இருக்கிறதா? மேப் அழகு, அதில் பேச்சே இல்லை. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிய கல்லறையை நீ வரைந்திருக்கும் விதத்தை நாலு தடவை பார்த்துவிட்டேன். ஆனால் உன் டேபிளில் உட்காரப்போகும் ஆறு பேரில் ஒருவர்கூட அந்தக் கல்லறை வரை வரமாட்டார்கள். அதுதான் என் கவலை.

கணக்குப் போட்டுப் பார். 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். டேபிளைத் தேடி வருகிறவர்கள், நண்பனுக்காகக் காத்திருக்கிறவர்கள், இவர்களுக்கு 15 நிமிடம். கேரக்டரைப் பிரித்துக் கொடுத்து, எதற்காகப் போகிறார்கள் என்று சொல்ல இன்னொரு 15. நடுவில் இடைவேளை 10. அடுத்த குழுவுக்கு டேபிளை விட்டுத்தர கடைசி 15. மிச்சம் 185 நிமிடம். ஓர் அறைக்குள் நுழைந்து, கேள்வி கேட்டு, தட்டிப்பார்த்து, அடுத்த கதவைத் தேர்ந்தெடுக்க 10 நிமிடம் ஆகும். முன்பின் தெரியாத ஆறு பேர் என்பதால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்கும். சண்டை வந்தால் 20, 25 நிமிடம். மூன்று சண்டைக்கு 75 போனால் 110 நிமிடம் மீதி, அதாவது 11 அறை. இதில் சுற்றித்திரியும் ஜந்துக்களை இன்னும் சேர்க்கவே இல்லை. 1981 ரூல்ஸில் உள்ளபடி இரண்டு டர்னுக்கு (ஒரு டர்ன் ஆட்டக் கணக்கில் பத்து நிமிடம்) ஒருமுறை ஆறுமுகப் பகடை உருட்டி 1 விழுந்தால் ஏதோ வருகிறது. மொத்தம் 24 டர்ன் ஓடினால் 12 உருட்டல், சராசரியாக இரண்டு சந்திப்பு. அவை ஆளுக்கு 15 நிமிடம் தின்றால் 11 அறை 8 ஆகிவிடும்.

ஆகவே 12 அறை வரை, அவர்கள் 8 பார்ப்பார்கள் என்று நினைத்து வரை. அந்த 12-க்கும் நேர்கோட்டுப் பாதை வேண்டாம். வாசல் இரண்டு இருக்கட்டும், நடுவில் ஒரு வளையம் இருக்கட்டும். சுற்றிவந்து பின்புறமாக நுழைய வழி இருந்தால்தான் ‘எந்தப் பக்கம் போகலாம்’ என்ற பேச்சுக்கு அர்த்தம் வரும். நேர்கோட்டில் அவர்கள் என்ன முடிவெடுத்தாலும் அடுத்த அறை அதேதான். கல்லறையைக் கீழ்த்தளத்திலிருந்து தூக்கி 6-ம் அறையாக வை, படிக்கட்டை அழித்துவிடு. கிராமம், சத்திரம், வழிப்பயணம் எதுவும் வேண்டாம். வாசலில் நிற்பதோடு ஆட்டம் தொடங்கட்டும். யார் அனுப்பினார்கள், என்ன கொண்டுவர வேண்டும், உள்ளே போன முந்தைய கூட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று மூன்று வாக்கியத்தில் முடி.

‘பழைய டஞ்சன்கள் இரக்கமற்றவை, நானும் அப்படியே’ என்று எழுதியிருந்தாய். இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி ஜைகாக்ஸின் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ கல்லறை டஞ்சனைத்தானே மனசில் வைத்திருக்கிறாய்? அது 1975-ல் முதல் ஆரிஜின்ஸ் கன்வென்ஷனின் போட்டிக்காக நடத்தப்பட்டது, அச்சில் வந்தது 1978-ல்தான். போட்டி ஆட்டத்தில் ஒரு குழு எவ்வளவு தூரம் போனது என்பதை இன்னொரு குழுவோடு ஒப்பிட முடியும், அதனால் பாதி வழியில் எல்லாரும் செத்தாலும் அது ஒரு முடிவு. உன் டேபிள் போட்டி இல்லை. அங்கே வருகிறவருக்கு அன்று மதியம் இருப்பது இந்த ஓர் ஆட்டம் மட்டும்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. முதல் மணி நேரத்தில் கேரக்டர் செத்துப்போய், மூன்று மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்த்தவர் இந்த மாதிரி ஆட்டத்துக்குத் திரும்பி வரமாட்டார். சாவு இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் டார்ச் என்ற தீப்பந்தத்துக்கும் கயிறுக்கும் மதிப்பே கிடையாது. ஆனால் செத்தவர் 10 நிமிடத்தில் மறுபடி ஆட வேண்டும். அதற்கு வழி கூலியாட்கள். டார்ச் பிடிக்கிறவன், சுமை தூக்குகிறவள் என்று மூன்று பேரைக் கூடவே அனுப்பு. ஒவ்வொருவருக்கும் பெயர், ஆயுதம், ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) எழுதிய ஒரு சின்ன அட்டை. யாராவது செத்தால் அந்த அட்டையைக் கையில் கொடுத்துவிடு. புதிய கேரக்டர் உருட்டிக்கொண்டிருக்க அங்கே நேரம் இல்லை.

கேரக்டர்களை நீயே செய்து கொண்டுபோ. ஆறு நாற்காலிக்கு எட்டு கேரக்டர் ஷீட், கடைசியாக வருகிறவருக்கும் தேர்வு இருக்கும்படி. 1-ம் லெவல் வேண்டாம் என்பது என் கருத்து. 1-ம் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரன்) எட்டுமுகப் பகடையில் சராசரி 4.5 ஹிட் பாயின்ட். 4 இருக்கிறவனைக் கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒரு தடவை அடித்தால், ஆறுமுகப் பகடையில் 4, 5, 6 எது விழுந்தாலும் காலி. சரிபாதி வாய்ப்பு. மேஜிக்-யூசருக்கு (மந்திரவாதி) ஒரே மந்திரம், கிளெரிக்குக்கு (பூசாரி) அதுவும் இல்லை. 3-ம் லெவலில் ஃபைட்டருக்குச் சராசரி 13 அல்லது 14, மேஜிக்-யூசருக்கு மூன்று மந்திரம், கிளெரிக்குக்கு இரண்டு. பயம் போகாது, தப்பு செய்ய ஓர் இடம் கிடைக்கும். நம்ம கணக்குப்பிள்ளை இதை ஒப்புக்கொள்ளமாட்டான், தெரியும். அவனுடைய பாச்சா இங்கே பலிக்காது என்று சொல்.

சாமான் வாங்க விடாதே. விலைப்பட்டியலைக் கொடுத்தால் அரை மணி நேரம் போய்விடும். மூன்று வகை மூட்டையைத் தயாராக வை: கயிறு, கொக்கி, இரும்பு முளை ஒன்றில், எண்ணெய், விளக்கு, சாக்பீஸ் ஒன்றில், 10 அடிக் கம்பு, கண்ணாடி, மணி ஒன்றில். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். ஷீட் அரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது. புதிதாக வருகிறவர் கண்ணில் முதலில் படுவது எண்களாக இல்லாமல் இந்தச் சாமான்களாக இருக்கும்படி மேலே, பெரிய எழுத்தில் எழுது. ‘எனக்கு என்ன திறமை இருக்கிறது’ என்று தேடுகிறவர் கையிலிருக்கும் கம்பைப் பார்த்தால்தான் கம்பை வைத்து யோசிப்பார்.

சண்டை நேரத்தைக் குறைக்க ரூல்ஸ் பக்கத்திலேயே மருந்து இருக்கிறது, பாதிப் பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். ஒன்று, ரியாக்‌ஷன் உருட்டல். எதிரே வரும் ஜந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லும்: இரண்டு ஆறுமுகப் பகடையில் 2 விழுந்தால்தான் பார்த்தவுடன் பாய்கிறது, அது 36-ல் ஒரு வாய்ப்பு. 3 முதல் 5 வரை முறைப்பு, தாக்கலாம். 6-ம் அதற்கு மேலும் 36-ல் 26, அத்தனையும் பேச்சுக்கு இடம் தருகிற எண்கள். ஆக, உன் 12 அறையில் யார் இருந்தாலும் அவர்களுக்கு ஒரு தேவையை எழுதிவை. கோப்ளின்களுக்குப் பசியா, மேலே இருக்கும் ஓநாய்களிடம் பயமா, திருட்டுப்போன மணியா? தேவை இல்லாத ஜந்துவிடம் 9 விழுந்தால் நீ திணறுவாய். இரண்டாவது மொரேல், அதாவது ஜந்துக்களின் துணிச்சல். கோப்ளினுக்கு 7. முதல் ஆள் விழுந்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு தடவை அதே இரண்டு பகடையை உருட்டு, 7-ஐத் தாண்டினால் ஓடுகிறார்கள். இரண்டு சோதனையிலும் தாக்குப்பிடிக்கிற வாய்ப்பு மூன்றில் ஒன்று. மூன்றில் இரண்டு சண்டை கடைசி ஆள் வரை போகாமலே முடிந்துவிடும், 25 நிமிடம் 15 ஆகும். ஓடினவர்கள் எங்கே போனார்கள் என்பது அடுத்த அறைக்குக் கவலையாக மாறும், அது இன்னும் நல்லது.

டர்ன் கணக்கை உன் திரைக்குப் பின்னால் ஒளித்துவைக்காதே. ஒரு தாளில் 24 கட்டம் போட்டு டேபிள் நடுவில் வை. ஒவ்வொரு ஆறாவது கட்டத்திலும் டார்ச் அணைகிற குறி, ஒவ்வொரு இரண்டாவது கட்டத்திலும் பகடைக் குறி. அடிக்கணக்கு அளக்க வேண்டாம். அறை விட்டு அறை போக ஒரு கட்டம், ஓர் அறையைத் துழாவ ஒரு கட்டம், அவ்வளவுதான். கட்டத்தை அடிப்பதை ஓர் ஆட்டக்காரரிடம் விடு. அவர் கையாலேயே அடிக்கும்போது ‘இன்னொரு தடவை தேடலாமா’ என்ற கேள்விக்கு விலை இருப்பது எல்லாருக்கும் புரியும், நீ வாய் திறக்க வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே ஒன்றைக் கேட்டுவிடு: டார்ச் யார் கையில்? வில்லும் டார்ச்சும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது. இதை நடுச்சண்டையில் கண்டுபிடித்தால் வாக்குவாதம்தான்.

ட்ராப் (மறைவான பொறி) விஷயத்தில் உன்னிடம் எனக்கு ஒரு மனக்குறை. உன் 9-ம் அறையில் எந்த அறிகுறியும் இல்லாமல் தரை பிளக்கிறது. 3-ம் லெவல் தீஃபுக்கே (திருடன்) ட்ராப் கண்டுபிடிக்க 20 சதவீதம்தான். மற்றபடி ஆட்டக்காரருக்கு இருப்பது நீ சொல்கிற வார்த்தைகள் மட்டும். தூசி இல்லாத ஒரு பட்டை, நடுவில் மட்டும் தேயாத கல், கீழேயிருந்து வரும் குளிர்காற்று, இதில் ஒன்றை முதல் வர்ணனையிலேயே சொல்லிவிடு. அவர்கள் கேட்டால் இரண்டாவதையும் சொல். ‘கம்பால் குத்திப்பார்க்கிறேன்’ என்றால் பகடை உருட்டாதே, தரை பிளக்கிறது, அவ்வளவுதான். அறிகுறியைக் கேட்டும் கால் வைக்கிறவர் விழட்டும். அப்போது டேபிளே ‘ஐயோ, சொன்னாரே!’ என்று கத்தும். யாரும் உன்னைக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

அப்புறம் சத்தம். ஒரே ஹாலில் இருபது டேபிள் பேசும்போது உன் மெல்லிய குரல் நாலாவது நாற்காலிக்குப் போகாது. சுவர் ஓரத்து டேபிளைக் கேட்டு வாங்கு. ஓர் அறையின் வர்ணனை மூன்று வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம், ஆபத்தான பொருளைக் கடைசியில் சொல், அதுதான் காதில் நிற்கும். மேப் வரைய யாரும் முன்வரவில்லை என்றால் வற்புறுத்தாதே. கிழிந்த பழைய மேப் ஒன்றை, மூன்றில் ஒரு பங்கு காணாமல், முதலிலேயே கையில் கொடுத்துவிடு. பேசாமல் உட்கார்ந்திருப்பவரை டர்ன் முடிவில் கேரக்டர் பெயர் சொல்லிக் கேள். அந்தக் காலத்து ‘காலர்’ முறையில் ஒருவரே எல்லாருக்காகவும் பேசுவார், தெரியாதவர்கள் கூடிய டேபிளில் அது அதிகம் பேசுகிறவர் கையில் போய்விடும். பயமுறுத்தும் காட்சி எது வரை போகும் என்பதையும் உட்கார்ந்தவுடன் சொல்லிவிடு. எந்த வயதில் யார் வருவார்கள் என்று உனக்குத் தெரியாது. நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் தாண்டிப்போ.

கடைசி மணி நேரத்தைத்தான் நீ எப்போதும் கோட்டைவிடுகிறாய். 45 நிமிடம் இருக்கும்போது சத்தமாகச் சொல்: ‘இன்னும் முக்கால் மணி நேரம். வெளியே வந்து சேர்ந்த பொன்னுக்குத்தான் கணக்கு.’ வெளியே கொண்டுவந்த பொன் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, உயிரோடு திரும்பிய ஆளுக்கு 100, கல்லறையின் கிரீடத்துக்கு 500. அனுபவப் புள்ளியெல்லாம் ஒரு நாள் ஆட்டத்தில் யாருக்கும் உதவாது. ஆனால் பழைய ரூல்ஸில் ஒரு பொன்னுக்கு ஓர் அனுபவப் புள்ளி என்ற அந்த ஆசை அப்படியே உதவும். சுமை, அணையப்போகும் டார்ச், ஓடிப்போன கோப்ளின்கள் மூன்றும் சேர்ந்து வெளியே வரும் வழியில் நிற்கும், தனியாக ஒரு பெரிய பூதத்தை நீ தயார்செய்ய வேண்டியதே இல்லை. அங்கேதான் உன் தொங்கு பாலம் வர வேண்டும். கிரீடத்தோடு திரும்புகிற வழியில் வை. உள்ளே போகும்போது எல்லாரும் அதைத் தாண்டிப்போயிருப்பார்கள், கயிறு ஒன்று நைந்திருப்பதை அப்போதே சொல்லிவிடு.

12 அறை மேப்பை ஒரே தாளில் வரைந்து இந்த வாரமே அனுப்பு. கணக்குப்பிள்ளையையும் இன்னும் இரண்டு பேரையும் உட்காரவைத்து, கடிகாரத்தோடு ஒரு தடவை ஓட்டிப்பார். ஒவ்வொரு அறைக்கும் ஆன நிமிடத்தை மேப்பிலேயே குறித்துக்கொள். 90 நிமிடத்தில் 4 அறையைத் தாண்டவில்லை என்றால் இன்னும் இரண்டை வெட்டு. எதை வெட்டுவது என்று மனசு வராவிட்டால் எனக்கு எழுது, நான் சொல்கிறேன்.

என்றும் உன்,
பழைய டார்ச்காரன்