புரத ஆய்வுச் செய்திகளில் 'இரு மடங்கு' என்று எழுதும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்த் திசுக்களில் உள்ள புரதங்களை அளந்தறியும் ஆய்வுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு நுட்பமான துறையைத் தமிழில் எழுத முன்வந்தமைக்கு என் நன்றி. ஆனால் 'நோயுற்ற திசுவில் இந்தப் புரதம் இரு மடங்காக உள்ளது' என்பது போன்ற வாக்கியங்கள், தராசில் நிறுத்துச் சொன்ன அளவு என்ற எண்ணத்தை வாசகரிடம் உண்டாக்குகின்றன. நீண்ட காலம் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த எண் உண்மையில் எப்படிப் பிறக்கிறது என்பதை எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

புரதத்தின்மீது வேதிப்பொருள் ஒன்றை அடையாளமாக ஒட்டி, அந்த அடையாளத்தைக் கொண்டு புரதத்தை அறிவது பழைய உத்திதான். 1945-இல் பிரெடெரிக் சாங்கர், இன்சுலின் சங்கிலிகளின் முனையில் மஞ்சள் நிறம் தரும் சேர்மம் ஒன்றைப் பிணைத்து, அம்முனைகளில் இருந்த அமினோ அமிலங்களை இனங்கண்டார். பின்னர் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினில் கதிரியக்க அயோடினை ஏற்றி, இரத்தத்தில் அது மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் அளக்க வழி கண்டார்கள். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொள்ள பெர்சன் உயிரோடு இல்லை.

இன்றைய ஆய்வுகள் ஒரு புரதத்தை அல்ல, ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே சமயத்தில் பார்க்கின்றன. இதற்குரிய கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறின் நிறையை வியக்கத்தக்க துல்லியத்துடன் சொல்லும். அளவை அப்படிச் சொல்லாது. சம அளவில் உள்ள இரு வேறு பெப்டைடுகள், அதாவது புரதத்தை வெட்டிக் கிடைக்கும் சிறு துண்டுகள், அதில் சமமான குறிகையைத் தருவதில்லை, ஏனெனில் மின்னூட்டம் பெறும் திறன் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆகவே ஒரு பெப்டைடை, வேறொரு மாதிரியிலிருந்து வந்த அதே பெப்டைடோடு ஒப்பிடுவதுதான் நம்பத்தக்க வழி. 1999-இல் சியாட்டிலில் ரூடி ஏபர்சோல்டின் குழு, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டும் குறியை இலேசானது, கனமானது என இரு வடிவங்களில் செய்து இவ்வொப்பீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கனமான வடிவத்தில் எட்டு ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாக ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் அணுக்கள் எட்டு இருந்தன. சிஸ்டீன் இல்லாத புரதங்கள் அம்முறைக்கு அகப்படவில்லை.

தங்கள் கட்டுரை பேசிய ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுபவை 2003, 2004 ஆண்டுகளில் அறிமுகமான டிஎம்டி, ஐட்ராக் என்னும் குறிகள். இவற்றின் அமைப்பு அழகானது. புரதங்களை டிரிப்சின் நொதியால் பெப்டைடுகளாக வெட்டி, ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு குறியை ஏற்றிப் பின் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிறார்கள். குறிகளின் மொத்த நிறை ஒன்றே. கார்பன், நைட்ரஜன் முதலியவற்றின் கனமான அணு வடிவங்களான ஐசோடோப்புகள் குறியின் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அதனால் எல்லா மாதிரிகளின் பெப்டைடும் முதலில் ஒரே நிறையில் தெரிகிறது. கருவிக்குள் மோதி உடையும்போது மட்டும் ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரு சிறு துண்டு, முதலில் வந்த ஐட்ராக்கில் 114, 115, 116, 117 என்ற நிறைகளில், தனித்தனியே வெளிப்படுகிறது. அத்துண்டுகளுக்காகக் கருவி வரையும் கோடுகளின் உயர விகிதமே ஆய்வாளர் சொல்லும் 'மடங்கு'. எட்டு மாதிரிகளுக்காகப் பின்னர் வந்த தொகுதியில் 119-க்கு அடுத்து 120-ஐ விட்டு 121-க்குத் தாண்டியிருப்பார்கள்; ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் உடையும்போது 120-இல் ஒரு துண்டு வரும் என்பதே காரணம். இப்போது 18 மாதிரிகளுக்கு மேலும் ஒரே ஓட்டத்தில் ஒப்பிட முடிகிறது.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. கருவி ஒரு பெப்டைடைத் தனிப்படுத்தும்போது, ஏறத்தாழ அதே நிறையுள்ள வேறு பெப்டைடுகளும் சேர்ந்து நுழைந்துவிடுகின்றன. அவற்றின்மீதும் அதே குறிகள் இருப்பதால், எந்தத் துண்டு எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஒரு புரதம் நோயுற்ற திசுவில் 5 பங்கும் நலமான திசுவில் 1 பங்கும் இருப்பதாகக் கொள்வோம். உடன் நுழைந்தவை இரு பக்கமும் ஒவ்வொரு பங்கு சேர்த்தால் 6-க்கு 2 ஆகி, ஐந்து மடங்கு மூன்று மடங்காகச் சுருங்கிவிடும். ஹார்வர்டில் ஸ்டீவன் கைகியின் குழு, தெரிந்த விகிதத்தில் கலந்த ஈஸ்ட் புரதங்களோடு மனித உயிரணுப் புரதங்களையும் சேர்த்து அளந்து இச்சுருக்கத்தை 2011-இல் தெளிவாகக் காட்டியது. பெப்டைடு உடைந்து வந்த, குறி ஒட்டியிருக்கும் துண்டை மீண்டும் ஒருமுறை தனிப்படுத்தி உடைத்தால் பிழை பெரிதும் நீங்குவதையும் காட்டியது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும், அளக்கும் வேகமும் குறையும். ஆகவே செய்தியில் வரும் 'இரு மடங்கு' உண்மையில் நான்கு மடங்காகவும் இருக்கலாம்.

கருவிக்கு வெளியிலும் பிழைகள் நேர்கின்றன. இக்குறிகள் பெப்டைடில் நைட்ரஜன் உள்ள அமீன் என்னும் அணுத்தொகுதியில் ஒட்டுபவை. நான் பணியாற்றிய ஆய்வகம் ஒன்றில், மாதிரிகளைப் பழக்கத்தின்படி அமிலத்தன்மை மாறாமல் காக்கும் டிரிஸ் என்னும் தாங்கல் கரைசலிலேயே விட்டுவிட்டோம். டிரிஸிலும் அமீன் உண்டு. விலைமிக்க குறி முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. கலப்பதற்குமுன் சிறிதளவு எடுத்து, குறி ஏறியிருக்கிறதா என்று சோதித்திருந்தால் மாணவர் ஒருவரின் பல வார உழைப்பு வீணாகியிருக்காது. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மேலும், குறி ஏற்றிக் கலக்கும் வரை ஒவ்வொரு மாதிரியும் தனியாகவே கையாளப்படுவதால், அதுவரை ஒன்றில் நேரும் இழப்பு நோயின் விளைவுபோலத் தோன்றிவிடும். டென்மார்க்கில் மத்தியாஸ் மான் குழு 2002-இல் வெளியிட்ட முறையில், வளர்ப்பு ஊடகத்திலேயே கனமான அமினோ அமிலத்தைக் கொடுப்பதால், உயிரணுக்களைத் தொடக்கத்திலேயே கலந்துவிடலாம். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த திசுவுக்கு அவ்வழி பொருந்தாது என்பதால்தான் மருத்துவ ஆய்வு வேதிக்குறிகளை நாடுகிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புரத ஆய்வுத் திட்டம் இவற்றையே பெருமளவில் பயன்படுத்தியது. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா மாதிரிகளும் கலந்த பொதுக் கலவை ஒன்றை வைத்து அதனோடு ஒப்பிட்டது.

இம்முறைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு திசுத்துண்டிலிருந்து பல்லாயிரம் புரதங்களைப் பார்க்க இவையே வழி திறந்தன. என் வேண்டுகோள் எழுதும் முறையைப் பற்றியது. இனி இத்தகைய செய்தி வரும்போது, எதை எதோடு ஒப்பிட்ட விகிதம், எத்தனை நோயாளிகளின் மாதிரிகள், அதே புரதம் எதிர்ப்பொருள் சோதனை போன்ற வேறொரு முறையாலும் உறுதிசெய்யப்பட்டதா என்பவற்றை இரண்டு வரிகளிலாவது சேர்க்குமாறு தங்கள் அறிவியல் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இவ்விவரங்கள் வழக்கமாக இருக்கும். அங்கே இல்லையென்றால், இல்லை என்பதையே வாசகருக்குத் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி